முகவரி எழுதுகிற கை

மாரண்டஹள்ளி,
02.06.2024

பாசமுள்ள அண்ணனுக்கு, தங்கை அம்பிகா எழுதுவது. நானும் அவரும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பும் காதும் எப்படி இருக்கின்றன?

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் பத்து நாளாக வாயைத் திறக்கவில்லை. உங்களுக்குப் போன் போட்டும் பயனில்லை. போர்வெல் லாரி உங்கள் காதைத் தின்று ஏழு வருஷமாகிறது. இந்தப் பக்கம் நான் கத்துகிறேன், அந்தப் பக்கம் நீங்கள் "ஆங், ஆங்" என்கிறீர்கள். எதிர்வீட்டுச் சின்னம்மாள் நமக்குள் சண்டை என்றே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நீங்கள் வேலை பார்க்கும் அந்தக் குடகு மலையில் டவரும் கிடையாது. ஆகவே நமக்குக் கடிதம்தான் கதி.

பாப்பாவின் மஞ்சள் நீராட்டுக்கு நீங்கள் கொண்டுவந்த சீரைப் பற்றித்தான் இன்னும் பேச்சு. இருபத்தியொரு தட்டை எண்ணிய பெண்கள் எல்லாம் கடைசியில் வந்த சைக்கிளைப் பார்த்து வாய் பிளந்தார்கள். இவர் மட்டும், "பதினொண்ணாவது போனா கவர்மென்ட்டே சைக்கிள் குடுக்குது, அதுக்குள்ள உங்கண்ணனுக்கு என்ன அவசரம்?" என்றார். அப்படிச் சொன்னவர்தான் தினமும் காலையில் துண்டை எடுத்து அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடம் திறந்ததும் அதில்தான் போவேன் என்கிறாள் பாப்பா. பத்தாம் வகுப்பு, இனிமேல் பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லையாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அம்பிகா

மாமா, நான் தீர்த்தா. கவர்மேல் இங்கிலீஷில் உங்கள் எஸ்டேட் பெயரை எழுத அம்மாவுக்கு வராது. அம்மா எழுதினால் கடிதம் மைசூருக்குப் போய்விடும். அதனால் முகவரி எப்போதும் என் வேலை.


குடகு,
16.06.2024

அன்புத் தங்கை அம்பிகாவுக்கு, அண்ணன் மாதையன் ஆசீர்வாதம். மச்சானையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல். நான் நன்றாக இருக்கிறேன். மழை ஆரம்பித்துவிட்டது. காதில்லாதவனுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான், நனைந்தால்தான் தெரிகிறது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆரோக்கியராஜ் சனிக்கிழமைதான் தபாலைப் பிரித்துக் கொடுப்பார். பாப்பாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இது அச்சடிச்சதா?" என்று ஜாடையில் கேட்டார். என் மருமகள் என்று சொன்னேன். அந்தக் கவரைக் கிழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம். சைக்கிளைப் பாலக்கோட்டில் எடுத்தபோது கடைக்காரர் பிரேக்கை முறுக்கித் தர அரை மணி நேரம் கேட்டார். ராகு காலத்துக்கு முன்னால் சீர் பந்தலுக்குள் வர வேண்டும் என்று நான்தான் ஸ்பேனரை வாங்கி இரண்டு நட்டைத் திருகிவிட்டு ஓடிவந்தேன். மறக்காமல் ஒரு தடவை கடைக்கு எடுத்துப் போ.

இப்படிக்கு,
மாதையன்


மாரண்டஹள்ளி,
25.08.2024

பாசமுள்ள அண்ணனுக்கு, அம்பிகா எழுதுவது. எல்லோரும் சுகம். உங்கள் சுகம் தெரிய ஆசை.

உடனே பதில் எழுத முடியவில்லை. தோட்டத்தில் வேலை. தக்காளி விலை இறங்கி, பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. ஜனங்கள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பாப்பா படிக்கிறாள், அவளுக்கு நேரமில்லை. நீங்கள் மழையில் நனையாதீர்கள்.

இப்படிக்கு,
அம்பிகா


குடகு,
08.09.2024

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய்.

கவரில் இருப்பது யார் கையெழுத்து? எஸ்டேட் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. பின்கோடு தப்பு. கடிதம் இரண்டு ஊர் சுற்றி வந்திருக்கிறது. முகவரி எப்போதும் தன் வேலை என்று எழுதியவள் பாப்பா. அவளுக்கு ஒரு முகவரி எழுதக்கூட நேரமில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். உன் கடிதத்திலும் ஒரு கிண்டல் இல்லை, ஒரு திட்டு இல்லை. அப்பா செத்தபோதுகூட நீ என்னைத் திட்டித்தான் எழுதினாய்.

எனக்குக் காதுதான் போய்விட்டது. பாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று எழுது.

மாதையன்


மாரண்டஹள்ளி,
20.09.2024

அண்ணனுக்கு, அம்பிகா எழுதுவது. நீங்கள் பயப்படக் கூடாது. பாப்பா உயிருக்கு ஒன்றுமில்லை.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ஏரிக்கரை இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்துவிட்டாள். வலது கை, முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன, நிமிரவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் அசைகின்றன. பேனா பிடிக்க வரவில்லை. பயிற்சி கொடுத்தால் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள்.

பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். இவர் சைக்கிளைத் தூக்கிப் பம்ப்செட் ரூம் சுவரில் மாட்டிவிட்டார். அதைப் பார்த்தாலே திட்டுகிறார்.

போன கடிதத்தில் முகவரி எழுதியது சின்னம்மாளின் பேரன். நீங்கள் இப்போது வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் பாப்பா அழுவாள்.

அம்பிகா


குடகு,
02.10.2024

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

அந்த இரண்டு நட்டு. ஒன்றை நன்றாகத் திருகியது நினைவிருக்கிறது. இன்னொன்றைத் திருகும்போது மேளக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், மணி பார்த்தேன், பாதியில் விட்டேனா முடித்தேனா என்று தெரியவில்லை. நான்கு நாளாக என் கை அதையே திருகிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிவிடும்? ராகு காலத்தில் வந்த சீரை ஊர் பேசும், அவ்வளவுதானே. நல்ல நேரம் பார்த்து நானே என் பிள்ளையின் கையை ஒடித்துவிட்டேன்.

நீ வர வேண்டாம் என்று எழுதியது சரிதான். எந்த முகத்தோடு வருவேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். எஸ்டேட்டுக்கு வரும் டாக்டரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். எலும்பு முறிந்ததற்கு விரல் ஏன் மடங்க வேண்டும் என்கிறார். முதலில் யாராவது கட்டை இறுக்கிப் போட்டார்களா என்று எழுதிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று எழுதினேன். நீ விசாரித்து எழுது.

மாதையன்


மாரண்டஹள்ளி,
10.11.2024

பாசமுள்ள அண்ணனுக்கு, அம்பிகா எழுதுவது. இங்கு எல்லோரும் இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி வந்தது, போனது. நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் தர்மபுரி போகிறோம். வீட்டில் பிசைவதற்கு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள். அது கெட்டியாக இருக்கிறது என்று நான் களி மாவை உருட்டிக் கொடுக்கிறேன். சூடாக இருந்தால் விரல் கொஞ்சம் இளகுகிறது. ஆறியதும் பழையபடி மடங்கிவிடுகிறது.

சாப்பாடுதான் பெரிய பாடு. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். பந்தியில் யாரோ, "பொட்டப்புள்ள பீச்சாங்கையில சாப்புடுது பாரு" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து யார் எதிரிலும் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொள்கிறாள்.

பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் தருவார்களாம். டீச்சர் நிர்மலா மனு எழுதி வாங்கிப் போனார். "அப்ப மார்க்கு என்னோடதா, எழுதினவங்களோடதா?" என்று பாப்பா கேட்டாள். டீச்சர் அவள் தலையைத் தடவினார்.

அம்பிகா


குடகு,
22.12.2024

தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நான் இருக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது, விழாமல் இருந்திருந்தால் கட்டு எதற்கு? யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்தச் சைக்கிளை இரும்புக் கடையில் போட்டுவிடச் சொல். என் கை பட்ட பொருள் எதுவும் அந்த வீட்டில் இனி வேண்டாம். பொங்கலுக்கு நான் வரவில்லை. நாளைக்குப் பாப்பாவின் கல்யாணத்தில் மாமன் மாலை போட வேறு யாரையாவது நிறுத்திக்கொள். மாரப்பன் சித்தப்பா மகன் முறைக்கு ஆவான், நல்லவன்.

இது கோபத்தில் எழுதுவதல்ல. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. இருந்தது ஒன்று. அதற்கும் நான் ராசியில்லை.

மாதையன்


மாரண்டஹள்ளி,
19.01.2025

அண்ணனுக்கு, அம்பிகா எழுதுவது. சுகம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. படித்து முடித்ததும் உங்களுக்கே தெரியும்.

சைக்கிள் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. ஜூன் மாதமே இவர் கடைக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டார். நட்டு இரண்டும் இறுக்கமாக இருந்தன. யாரோ ரோட்டோரம் கொட்டிய தக்காளி மழையில் நடு ரோடு வரைக்கும் வழிந்திருந்தது. அதில் டயர் வழுக்கித்தான் விழுந்தாள். எழுந்து தானே நடந்து வீட்டுக்கு வந்தாள். இடது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அண்ணா.

இவர் அன்று ஊரில் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தார். நான் பாப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒடஞ்சிருக்குங்க. இப்பவே தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போங்க, தாமசம் பண்ணாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தர்மபுரி பஸ் கண்ணெதிரே நின்றது. சின்னம்மாளும் கூட வந்திருந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வெச்சிடுவாங்க அம்பிகா. முழங்கை வரைக்கும் தழும்பு நிக்கும். இப்பத்தான் சீர் செஞ்ச புள்ள" என்றாள். அவள் மேல் பழி போட இதை எழுதவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே என் மனதிலும் அதுதான் ஓடியது. பந்தலில் இரண்டு பேர் பாப்பாவின் ஜாதகம் கேட்டிருந்தார்கள். கையில் தழும்பு இருக்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று நினைத்தேன். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, அண்ணா. பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கட்டுக்காரரிடம் போனேன்.

அவர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளை தடவிய துணியால் இறுக்கிக் கட்டினார். "மூணு நாளு பிரிக்கக் கூடாது. புள்ள அழுவும், நீ எளகிடாத" என்றார். இரவெல்லாம் அழுதாள். "கட்ட அவுத்துடும்மா, உள்ள நெருப்பா எரியுதும்மா" என்றாள். விரல் நுனி வீங்கி நீலமாக இருந்தது. நான் விளக்கெண்ணெய் தடவினேன். பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், "வலி போயிடுச்சும்மா" என்றாள். அந்தக் கட்டுக்காரரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

திங்கட்கிழமை இவர் வந்து விரலைத் தொட்டார். அது சில்லென்றிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் கட்டை வெட்டிப் பார்த்துவிட்டு, "வலி கொறஞ்சதுன்னு நெனச்சீங்களா? நரம்பு செத்துக்கிட்டு இருந்திருக்கும்மா" என்றார். நான் பயந்த தழும்பு இப்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருக்கிறது.

இவர் "ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகு சைக்கிளைத் திட்ட ஆரம்பித்தார். என்னைத் திட்டாமல் இருப்பதற்காகத்தான் சைக்கிளைத் திட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். ஊர் அதைக் கேட்டுப் பிரேக் என்றது. நான் அதை உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அந்த நட்டைப் பற்றி எழுதியபோதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், நான் தினமும் அந்தக் கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பாரத்தை நீங்கள் கொஞ்சம் சுமந்தால் என்ன என்று நினைத்தேன். இவ்வளவு கேவலமானவள் உங்கள் தங்கை.

நர்ஸம்மா கொடுத்த சீட்டு ஐந்து மாதமாக என் பர்ஸில் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். மாமன் மாலைக்கு வேறு ஆளை நிறுத்தச் சொல்லாதீர்கள். ராசியில்லாதவள் நான்தான்.

அம்பிகா


மாரண்டஹள்ளி,
16.02.2025

அண்ணனுக்கு, அம்பிகா எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன மாதம் போட்ட கடிதம் கிடைத்ததா? ஆரோக்கியராஜ் சார் சனிக்கிழமைதான் தபால் கொடுப்பார் என்று நான்கு சனிக்கிழமை எண்ணிவிட்டேன். திட்டியாவது எழுதுங்கள்.

அம்பிகா


குடகு,
09.03.2025

அம்பிகாவுக்கு, அண்ணன் எழுதுவது. நான் சுகம். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

கடிதம் ஜனவரியிலேயே கிடைத்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். முதல் தடவை எழுதியதை நீ படித்திருந்தால் நாம் மறுபடி பேசியிருக்க மாட்டோம். நான்கு மாதமாக அந்த நட்டோடுதான் படுத்தேன், எழுந்தேன். எஸ்டேட் சைக்கிளைத் தொடப் பயந்து கேட்டுக்கும் பங்களாவுக்கும் நடந்தே திரிந்தேன். கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். நம் வீட்டில் பொய் போதும்.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். போர்வெல் ரிக்கில் வேலை செய்தபோது காதில் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் முதலாளி டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நான் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினேன். செவிடன் என்று பெயர் வந்தால் பெண் கிடைக்காது என்று பயந்தேன். கடைசியில் காதும் போனது, பெண்ணும் கிடைக்கவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அதனால் உன்னை ரொம்பத் திட்ட என்னால் முடியவில்லை.

சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். இது என்னிடம் இருக்க வேண்டியதல்ல. என்னிடம் சொல்லிவிட்டாய், சரி. பாப்பாவிடம் சொன்னாயா? தான் சரியாக ஓட்டாததால் கை போனது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால்? பரீட்சை முடியட்டும், பிறகு நீயே சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அப்புறம் வருகிறேன்.

மாதையன்


மாரண்டஹள்ளி,
27.04.2025

அன்புள்ள மாமாவுக்கு, தீர்த்தா எழுதுவது. நான் சுகம். உங்கள் காது சுகமா?

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இந்த ஒரு கடிதத்துக்கு நான்கு நாள் ஆகும் போலிருக்கிறது. பரீட்சையில் நான் சொல்ல ஒரு டீச்சர் எழுதினார். தமிழ்ப் பரீட்சையில் என் கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன் என்று கேட்டேன். விட்டார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அம்மா களி கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "நாந்தான்டி உன் கையக் கெடுத்தேன்" என்றாள். ஒரு சீட்டைக் காட்டினாள். களி அடிப்பிடித்துவிட்டது. அப்பா வந்து இறக்கி வைத்தார். நான் தட்டை எடுத்துவந்து அம்மா எதிரில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டேன். கதவைச் சாத்தவில்லை.

சைக்கிளை அப்பா இறக்கிவிட்டார். டயரில் காற்று இல்லை. இடது கைப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன், நன்றாகப் பிடிக்கிறது. நீங்கள் வந்தால் பின்னால் பிடித்துக்கொண்டு வாருங்கள். எனக்குப் பழக வேண்டும்.

முகவரியை நானே எழுதியிருக்கிறேன். பின்கோடு சரியா என்று ரைட்டர் சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா அந்த வெறும் கவரை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை, எழுதி முடித்ததும் ஒட்டிவிடுவேன். ஏனென்றால் இது உங்களுக்கு மட்டும்.

மூன்றாம் நாள் வலி போய்விட்டது என்று நான் சொன்னதை அம்மா உங்களுக்கு எழுதியிருப்பாள் இல்லையா? போகவில்லை மாமா. விரல்தான் மரத்துப்போனது. கை உள்ளே எரிந்துகொண்டேதான் இருந்தது. நான் அழுதபோதெல்லாம் அம்மாவும் அழுதாள். இரண்டு நாளாக அவள் தூங்கவே இல்லை. கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவளும் உடனே தூங்கிவிட்டாள்.

இதை அம்மாவிடம் எப்போதும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
தீர்த்தா